கொலையாளி இருக்கட்டும், ஊர் யார் கையில்? முதலில் படிக்க எந்த அமெரிக்க கிரைம் நாவல்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழு பேர் இருக்கிறோம். மாதம் ஒரு நாவல், கடைசி ஞாயிற்றுக்கிழமை பேச்சு. அடுத்த முறைக்கு அரசியல் உள்ள பழைய அமெரிக்க கிரைம் நாவல் ஒன்றை எடுக்கலாம் என்று சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. எந்த ஒன்று என்று கேட்டதும் சண்டை ஆரம்பமானது. ஒருவர் டாஷியல் ஹாமெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' என்றார். நான் அதே ஹாமெட்டின் 'தி கிளாஸ் கீ' என்றேன். ரேமண்ட் சாண்ட்லரை விட்டுவிட்டு என்ன அமெரிக்க கிரைம் என்று இன்னொருவர் 'தி லாங் குட்பை'யைத் தூக்கிப் பிடித்தார். இளையவர்கள் இருவருக்கு செஸ்டர் ஹைம்ஸின் 'காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்'. கடைசியாக, வம்புக்கென்றே ஒருவர் மிக்கி ஸ்பில்லேன் பெயரைச் சொன்னார். ஐந்தையும் ஏற்கனவே படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

'அரசியல் உள்ள' என்று சொன்னோமே, அது என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஒரு பாத்திரம் எழுந்து நின்று பணக்காரர்களைத் திட்டினால் அது அரசியல் நாவலாகிவிடாது. என் அளவுகோல் எளிமையானது. கொலை துப்புத் துலங்கிவிட்டது, கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். இப்போது அந்த ஊர் யார் கையில் இருக்கிறது? முதல் பக்கத்தில் யார் கையில் இருந்தது? பிரிட்டிஷ் பங்களாக் கொலைக் கதைகளில் இந்தக் கேள்வி எழவே எழாது. கொலையாளியைப் பிடித்ததும் அந்த வீடு பழையபடி நல்ல வீடாகிவிடும். அமெரிக்கர்கள் கதையைத் தெருவுக்கு இழுத்து வந்தபோதுதான் வீடு போய் ஊர் வந்தது. காரணம் இல்லாமலில்லை. 1920 முதல் 1933 வரை அங்கே நாடு முழுக்க மதுவிலக்கு. கள்ளச் சாராயப் பணம் போலீஸ் நிலையத்துக்கும் நகர சபைக்கும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் எழுதியவனுக்குக் கொலையாளியைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. கண்டுபிடித்து யாரிடம் ஒப்படைப்பது?

'ரெட் ஹார்வெஸ்ட்' 1929இல் வந்தது. இதைச் சொன்னவர் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. பெர்சன்வில் என்று ஒரு சுரங்க ஊர், நாற்பதாயிரம் பேர். ஊர்க்காரர்கள் வாயில் அது பாய்சன்வில், அதாவது விஷ ஊர். எலைஹூ வில்சன் என்ற கிழவருக்குச் சுரங்கம் சொந்தம், வங்கி சொந்தம், காலைப் பத்திரிகையும் மாலைப் பத்திரிகையும் சொந்தம். ஒரு செனட்டர், ஆளுநர், மேயர், மாநில சட்டசபையில் பெரும்பகுதி எல்லாம் அவர் சட்டைப் பையில். தொழிலாளர்கள் எட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அதை உடைக்கக் கிழவர் கூலிக்கு அடியாட்களைக் கொண்டுவருகிறார். வேலைநிறுத்தம் உடைகிறது, ஆனால் வந்தவர்கள் போக மறுக்கிறார்கள். செய்த வேலைக்குக் கூலியாக ஊரையே ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். கதை தொடங்கும்போது கிழவருக்கு மிச்சமிருப்பது கட்டிலும் கோபமும்தான். அப்போது வந்து சேர்கிறான் கான்டினென்டல் துப்பறியும் ஏஜென்சியின் ஆள். நாவல் முழுக்க அவனுக்குப் பெயர் கிடையாது.

ஹாமெட்டுக்கு இது கேள்விப்பட்ட கதையல்ல. 1915இல் பிங்கர்ட்டன் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பிங்கர்ட்டன் என்றால் துப்பறிவது மட்டும் நினைவுக்கு வந்த காலம் அல்ல அது. 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலைநிறுத்தக்காரர்களோடு துப்பாக்கிச் சண்டை போட்ட நிறுவனம் அது. பாய்சன்வில்லுக்கு மாதிரி மான்டனா மாநிலத்தின் பியூட் நகரம் என்பார்கள். அனகோண்டா தாமிரக் கம்பெனியின் ஊர். 1917 ஜூனில் அங்கே ஒரு சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் செத்தார்கள். தொடர்ந்து வேலைநிறுத்தம். தொழிலாளர்களிடையே பேச வந்த ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை ஆகஸ்ட் 1ஆம் தேதி முகமூடிக்காரர்கள் விடுதி அறையிலிருந்து இழுத்துப்போய் ரயில் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கொலைக்காக யாரும் தண்டனை அடையவில்லை. லிட்டிலைக் கொல்லத் தனக்கு ஐயாயிரம் டாலர் பேசப்பட்டது என்று ஹாமெட் சொன்னதாக அவருடைய நெடுநாள் துணைவியான நாடகாசிரியர் லில்லியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். அதை நம்பாதவர்களும் உண்டு. எனக்கும் அரை நம்பிக்கைதான். ஆனால் அப்படி ஒரு கதை அவரைச் சுற்றி உலவியது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இனி வருவதில் முடிவு தெரிந்துவிடும், வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். துப்பறிவாளன் ஊரைச் சுத்தம் செய்ய எடுத்துக்கொள்ளும் வழி, ரவுடிகளை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிடுவது. பிணங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கட்டத்தில் அவனே விரல் விட்டு எண்ணிப் பார்த்து, இந்த ஊரின் விஷம் தனக்கும் ஏறிவிட்டது என்று பயப்படுகிறான். கடைசியில் தேசியக் காவல்படை வந்து இறங்குகிறது. ஊர் கிழவரிடமே திரும்பப் போகிறது. இந்தா உன் ஊர், சுத்தமாக இருக்கிறது, மறுபடி நாசமாகத் தயாராக இருக்கிறது என்ற தொனியில் துப்பறிவாளன் அதைச் சொல்கிறான். என் அளவுகோலில் இதைவிடக் கச்சிதமான விடை வேறெந்த நாவலிலும் இல்லை.

அப்புறம் ஏன் இதையே எடுத்துவிடக் கூடாது? எனக்கு ஒரு குறை உறுத்துகிறது. வேலைநிறுத்தம் சில பத்திகளில் முடிந்துபோன பழங்கதையாக வருகிறது. தொழிற்சங்கக்காரர் பில் குவிண்ட் ஆரம்பத்தில் வந்து அந்தக் கதையைச் சொல்கிறார், பிறகு கதையின் நடுவுக்கு அவர் வருவதே இல்லை. நாற்பதாயிரம் பேர் வாழும் ஊரில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஒருவனையாவது நாம் நெருங்கிப் பார்த்தோமா? இல்லை. முதலாளிக்கும் ரவுடிக்கும் நடக்கும் சண்டையைத்தான் பார்க்கிறோம். அதோடு, பாதிக்கு மேல் துப்பாக்கிச் சத்தத்தில் யார் யாரைச் சுட்டார்கள் என்பதே மறந்துபோகும். பேச உட்காரும்போது ஏழு பேரும் ஏழு விதமான பிணக் கணக்கோடு வருவோம்.

'தி கிளாஸ் கீ' 1931இல் வந்தது. ஊருக்குப் பெயரில்லை, ஆனால் தேர்தல் நெருங்குகிறது. பால் மேட்விக் அந்த ஊரின் அரசியல் தாதா. பெரிய பதவி எதிலும் உட்காராமலே யார் வேட்பாளர், யாருக்கு ஒப்பந்தம், யார் மேல் வழக்கு என்று தீர்மானிக்கிற ஆள். செனட்டர் ஹென்றியை மறுபடி ஜெயிக்க வைக்கிறேன் என்று இறங்குகிறார். செனட்டரின் மகளைக் கட்டிக்கொள்ளும் ஆசை வேறு. செனட்டரின் மகன் தெருவில் செத்துக் கிடக்கிறான். பிணத்தைக் கண்டெடுப்பவன் மேட்விக்கின் வலதுகை, சூதாடி, காரியக்காரன் நெட் போமாண்ட்.

இந்த நாவலில் துப்பறிவாளன் கிடையாது. மற்ற நாவல்களில் வெளியூரிலிருந்தோ வாடகை அலுவலகத்திலிருந்தோ ஒருவன் வருகிறான், அழுக்கைப் பார்க்கிறான், முகம் சுளிக்கிறான், போகிறான். அவன் கை சுத்தம் என்ற ஆறுதல் நமக்கு மிஞ்சும். போமாண்டின் கை சுத்தமே இல்லை. குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த 3,250 டாலரைத் தராமல் ஒருவன் நியூயார்க்குக்கு ஓடிவிடுகிறான். அதை வசூலிப்பதற்காக, மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சிறப்புப் புலனாய்வாளர் என்று தனக்கு ஒரு பதவி போட்டுத் தரச் சொல்கிறான் போமாண்ட். மேட்விக் சொன்னால் அது நடக்கும், நடக்கிறது. அரசாங்க அதிகாரத்தோடு போய் அந்த ஆளின் அறையில் பொய்த் தடயத்தை வைத்து மிரட்டிப் பணத்தை வாங்குகிறான். கதாநாயகனே இப்படி. ஹாமெட் இதற்காக அவனைக் கண்டிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

ஆரம்பத்திலேயே ஒரு சின்னக் காட்சி வரும். காரை ஏற்றி ஒருவனைக் கொன்றதற்காகத் தம்பி ஜெயிலில் இருக்கிறான், வெளியே எடுத்துவிடுங்கள் என்று ஒருவன் கேட்டு வருகிறான். வழக்கமாக மேட்விக்குக்கு இது ஒரு போன் வேலை. ஆனால் தேர்தல் முடியட்டும் என்கிறார். அவ்வளவுதான் காட்சி. நீதி என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எப்போது எடுக்கலாம், இப்போது எடுத்தால் பெண்கள் ஓட்டு போய்விடுமா என்பதுதான் கணக்கு. அந்தத் தாமதம் பின்னால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். பத்திரிகை விஷயமும் அப்படித்தான். ஊழலை எதிர்த்து ஒரு பத்திரிகை திடீரென்று முழங்க ஆரம்பிக்கிறது. நல்லது என்று நினைப்போம். கொஞ்சம் கீழே தோண்டினால், பத்திரிகை முதலாளி கழுத்துவரை கடனில், கடன் கொடுத்த வங்கி எதிர் அணியின் கையில். அரசு வழக்கறிஞரோ யார் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்து நாளுக்கொரு பக்கம் சாய்கிறார். இது எதையும் ஹாமெட் விளக்குவதில்லை. ஒருவர் தொப்பியை எடுக்கிறார், இன்னொருவர் சுருட்டைப் பற்ற வைக்கிறார், நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த விளக்காமைதான் இதைப் படிப்பதில் இருக்கிற கஷ்டமும். எந்தப் பாத்திரத்தின் மனசுக்குள்ளும் ஹாமெட் நுழைவதே இல்லை. போமாண்டை எப்போதும் 'நெட் போமாண்ட்' என்று முழுப்பெயரில்தான் சொல்கிறார், நண்பனாகக்கூட அறிமுகப்படுத்தவில்லை என்பது போல. முதல் முறை படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இவன் எதற்காக அடிவாங்குகிறான், விசுவாசமா, பிடிவாதமா, அடிவாங்குவதிலேயே ஒரு ருசியா என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டாம் முறைதான் பிடிபட்டது. அரசியலில் இருக்கும் ஒருவனை நாம் வெளியே இருந்து எப்படிப் பார்ப்போமோ அப்படியே காட்டியிருக்கிறார். அவன் செய்வது தெரியும், ஏன் என்பதை ஊகிக்கத்தான் முடியும். பெண் பாத்திரங்களில் செனட்டரின் மகளைத் தவிர மற்றவர்கள் மெலிவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஆண்டுதோறும் சிறந்த கிரைம் நாவலுக்கு ஒரு விருது தருகிறார்கள், 1992 முதல். அதன் பெயர் 'கிளாஸ் கீ'. சமூகத்தையும் அரசையும் கேள்வி கேட்கும் கிரைம் கதைக்குப் பேர் போன அந்த நாடுகள், தேடித் தேடி இந்தப் புத்தகத்தின் பெயரைத்தான் எடுத்திருக்கின்றன.

சாண்ட்லர் கட்சிக்காரரிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. சாண்ட்லரின் உரைநடை இந்த ஐந்தில் மேலானது, சந்தேகமே இல்லை. அவர் எழுதிய லாஸ் ஏஞ்சலிஸும் கற்பனை ஊர் அல்ல. 1938 ஜனவரியில் அங்கே ஹாரி ரேமண்ட் என்ற தனியார் துப்பறிவாளரின் காரில் குண்டு வெடித்தது. நகர நிர்வாகத்தின் ஊழலைத் தோண்டிக்கொண்டிருந்தவர் அவர். குண்டு வைத்த வழக்கில் தண்டனை பெற்றவர் ஒரு போலீஸ் கேப்டன். அதே ஆண்டு செப்டம்பரில் மேயர் ஃபிராங்க் ஷாவை மக்கள் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சாண்ட்லரின் முதல் நாவல் வந்தது அடுத்த வருடம். ஆகவே போலீஸ்காரனே குண்டர் வேலை பார்ப்பதாக அவர் எழுதினால் மிகைப்படுத்துகிறார் என்று சொல்ல முடியாது.

'தி லாங் குட்பை'யில் (1953) ஹார்லன் பாட்டர் என்று பத்திரிகைகளின் சொந்தக்காரரான கோடீஸ்வரர் ஒருவர் வருகிறார். ஜனநாயகம், பத்திரிகை, மலிவுச் சரக்கு பற்றிச் சாண்ட்லரின் துப்பறிவாளன் மார்லோவுக்கு ஒரு நீண்ட வகுப்பு எடுக்கிறார். பத்து கோடி டாலர் சம்பாதிக்கச் சுத்தமான வழியே கிடையாது என்று ஒரு போலீஸ்காரர் சொல்லும் இடமும் உண்டு. மேற்கோள் எடுக்க அருமையான வரிகள். ஆனால் என் கேள்வியை வைத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஊர் யார் கையில்? பாட்டர் கையில்தான், சரி. அது மார்லோவை உறுத்துகிறதா? அவனை உறுத்துவது ஒரு நண்பன் தன்னை ஏமாற்றியது. சாண்ட்லரே ஒரு கடிதத்தில், மார்லோவுக்கு ஒரு குதிரைக்கு இருக்கும் அளவு சமூக மனசாட்சிதான் உண்டு, இருப்பது தனிப்பட்ட மனசாட்சி என்று எழுதியிருக்கிறார். படைத்தவரே சொன்ன பிறகு நாம் என்ன வாதாடுவது? இது நட்பைப் பற்றிய நாவல். அந்த மாதம் வரும்போது முதல் ஆளாக நான் கை தூக்குகிறேன்.

ஒன்று மட்டும் சாண்ட்லர் பக்கம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நண்பனைக் காட்டிக்கொடுக்க மறுத்து மார்லோ லாக்கப்பில் கிடக்கும் பக்கங்கள் அச்சானது 1953இல். இரண்டு வருடம் முன்புதான் ஹாமெட் நிஜமாகவே உள்ளே போயிருந்தார். கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கு ஜாமீன் கட்டிய நிதிக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள் என்று நீதிமன்றம் கேட்டது. அவர் பெயர்களைச் சொல்லவில்லை. ஆறு மாதத் தண்டனை. அப்போது அவருக்கு வயது 57, உடம்பும் சரியில்லை. 1953இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியின் குழு கூப்பிட்டு, கம்யூனிசத்தை எதிர்க்கிற அரசாங்கம் இப்படிப்பட்டவர்களின் புத்தகங்களை வாங்கி நூலகங்களில் வைக்கலாமா என்று கேட்டபோது, நான் கம்யூனிசத்தை எதிர்ப்பதாக இருந்தால் மக்களுக்குப் புத்தகமே கொடுக்க மாட்டேன் என்று பதில் சொன்னார். இரண்டு உலகப் போர்களிலும் ராணுவத்தில் இருந்தவர் என்பதால் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இடம் கிடைத்தது. உள்ளே தள்ளிய அரசாங்கமே மரியாதையோடு புதைத்தது.

ஸ்பில்லேனை இங்கேயே முடித்துவிடலாம். ஹாமெட் ஜெயிலுக்குப் போன அதே 1951இல் வந்தது 'ஒன் லோன்லி நைட்'. அதில் அவருடைய துப்பறிவாளன் மைக் ஹேமர் கம்யூனிஸ்டுகளை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறான், சுட்டதில் சந்தோஷமும் படுகிறான். ஸ்பில்லேனின் புத்தகங்கள் மலிவு விலைப் பதிப்பில் லட்சக்கணக்கில் விற்றவை. அக்காலத்து வாசகர் எதைக் காசு கொடுத்து வாங்கினார் என்று அறிய ஐம்பது பக்கம் புரட்டலாம், ஒரு மாதம் கொடுக்க முடியாது.

ஹைம்ஸ் விஷயத்தில் எனக்கே மனசு ஊசலாடுகிறது. சாண்ட்லரின் 'ஃபேர்வெல், மை லவ்லி' (1940) ஒரு கறுப்பின மனிதனின் கொலையோடு தொடங்கும். இந்தக் கேஸுக்குப் பத்திரிகையில் நாலு வரிகூட வராது என்று போலீஸ்காரன் அலுத்துக்கொள்வான். சாண்ட்லர் அதைக் கூர்மையாகத்தான் கவனித்தார். ஆனால் அப்புறம் நாவலே அந்தச் செத்தவனை மறந்துவிட்டு வெள்ளைக்காரச் சீமாட்டியின் பின்னால் போய்விடுகிறது. மறக்கப்பட்டவனின் தெருவிலிருந்து எழுத ஆரம்பித்தவர் கறுப்பினத்தவரான ஹைம்ஸ்.

அவருடைய வாழ்க்கையே ஒரு கிரைம் நாவல். 19 வயதில் ஆயுதத்தோடு கொள்ளை, ஒஹாயோ சிறையில் ஏழு வருடத்துக்கு மேல். அந்தச் சிறையில் 1930இல் பிடித்த தீயில் முந்நூறுக்கு மேற்பட்ட கைதிகள் செத்தார்கள், இவர் தப்பினார். எழுத ஆரம்பித்ததே சிறையில்தான். அமெரிக்காவில் வாழ முடியாமல் 1953இல் பிரான்சுக்குப் போனார். அங்கே காலிமார் பதிப்பகத்தின் கிரைம் வரிசையை நடத்திய மார்செல் துஹாமெல்தான் துப்பறியும் நாவல் எழுதுங்கள் என்று தூண்டினார். யார் என்ன யோசிக்கிறார்கள் என்பதெல்லாம் வேண்டாம், என்ன செய்கிறார்கள் என்று எழுது என்பது அவர் சொன்ன பாடம். பாரிஸில் உட்கார்ந்து, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் பகுதியான ஹார்லெமை எழுதினார் ஹைம்ஸ். 1958இல் பிரான்சின் பெரிய கிரைம் இலக்கியப் பரிசும் கிடைத்தது.

'காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்' 1965. ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போவோம் என்று டீக் ஓமாலி என்ற போலிப் பாதிரி ஹார்லெமில் 87 குடும்பங்களிடம் ஆளுக்கு ஆயிரம் டாலர் வாங்குகிறான். கூட்டம் நடக்கும்போதே 87,000 டாலரும் கொள்ளை போகிறது. பணம் ஒரு பருத்தி மூட்டைக்குள் மாட்டிக்கொள்கிறது. அதே சமயம் தெற்கிலிருந்து கர்னல் கல்ஹூன் என்ற வெள்ளைக்காரர் வந்து, தெற்குக்கே திரும்பி வாருங்கள், பருத்தி பறிக்கலாம் என்று ஹார்லெம் நடுவில் கடை திறக்கிறார். பின்னணி தெரிந்தால் சிரிப்பு இன்னும் கசக்கும். ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவோம் என்று இயக்கம் நடத்திய கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி 1919இல் ஆரம்பித்த கப்பல் கம்பெனியில் பங்கு வாங்கி ஏமாந்த நினைவு ஹார்லெமுக்கு இருந்தது. நாவல் வருவதற்கு முந்தின வருடம், 1964 ஜூலையில், பதினைந்து வயதுப் பையனை ஒரு போலீஸ் அதிகாரி சுட்டதில் ஹார்லெம் கலவரத்தில் கொதித்தது.

துப்பறிபவர்கள் காஃபின் எட் ஜான்சன், கிரேவ் டிக்கர் ஜோன்ஸ். இருவரும் கறுப்பினத்தவர், இருவரும் போலீஸ். வெள்ளை அதிகாரிக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டு தங்கள் ஜனங்களையே அடிக்கிறார்கள், அந்த ஜனங்களின் பணத்தை மீட்கவும் அலைகிறார்கள். ஊர் யார் கையில் என்று இவர்களிடம் கேட்கவே வேண்டாம், எப்போதும் இவர்கள் கையில் இல்லை. 1969இல் வந்த 'பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்' இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் எந்தக் கேஸும் முடிவதே இல்லை. கிரைம் நாவல் என்ற வடிவத்தையே ஹைம்ஸ் போட்டு உடைத்துவிட்டார் என்பேன்.

அப்படியிருந்தும் ஹைம்ஸை முதலாவதாகச் சொல்ல எனக்குத் தயக்கம். ஒன்று, அந்த ஹார்லெம் பேச்சுமொழி. எங்கள் வட்டத்தில் மூவர் ஆங்கிலத்தில் மெதுவாகப் படிப்பவர்கள், பத்தாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார்கள். இன்னொன்று, ஹைம்ஸ் உடைத்த பானை எது என்று தெரிந்திருந்தால்தான் உடைத்த சத்தம் கேட்கும். ஒரு ஹாமெட்டாவது படித்துவிட்டு அவரிடம் வருவது நல்லது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது வருடம் போனால் பதிப்புரிமை முடியும். ஹாமெட் இறந்தது 1961, சாண்ட்லர் 1959. ஆக இருவரின் இந்த நாவல்களும் இங்கே பொதுவுடைமை. 1984இல் இறந்த ஹைம்ஸை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: எல்லாவற்றிலும் இன வசைச் சொற்கள் தாராளமாக வரும். ஹைம்ஸ் அவற்றை வேண்டுமென்றே ஆயுதமாக எடுக்கிறார். மற்றவர்களிடம் அது அந்தக் காலத்துப் பேச்சு, படிக்கக் கூசும்.

ஆகவே என் ஓட்டு 'தி கிளாஸ் கீ'க்கு. 'ரெட் ஹார்வெஸ்ட்' ஊரை யார் வைத்திருக்கிறார்கள் என்பதை இதைவிடச் சத்தமாகச் சொல்லும், உண்மைதான். எப்படி வைத்திருக்கிறார்கள், எந்த போன், எந்தக் கடன், எந்தச் சலுகை என்று காட்டுவது இதுதான். நமக்கு மூன்று மணி நேரம் பேச விஷயம் வேண்டும். போமாண்ட் நல்லவனா என்ற ஒரு கேள்வியே இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஹைம்ஸ் அதற்கடுத்த மாதம். 'ரெட் ஹார்வெஸ்ட்' கேட்டவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், இடையில் தானாகவே படித்துவிடுவார், எனக்குத் தெரியும்.

மொத்தம் பத்து அத்தியாயம். முதல் இரண்டில் பெயர்கள் குழப்பும், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது அத்தியாயத்தில் போமாண்ட் அடிவாங்கும் இடம் கொடூரமாக இருக்கும், சாப்பிடும்போது படிக்காதீர்கள். கொலையாளி யார் என்று இணையத்தில் தேடவும் வேண்டாம். செத்தவனின் தொப்பி எங்கே போனது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.